சொந்தப் பொறுப்பில்

1963 நவம்பர் 21. கேரளத்துத் தும்பாக் கடற்கரையில் அமெரிக்காவிலிருந்து வந்த நைக்-அப்பாச்சி ராக்கெட் ஒன்று காத்திருந்தது. அதன் தலையில் பிரான்சிலிருந்து வந்த சோடியம் ஆவிக் கருவி. பழைய தேவாலயக் கட்டடத்துக்குள் பூட்டிச் சேர்த்து, லாரியில் ஏற்றி ஏவுமேடைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இறக்கி நிறுத்தும் நேரத்தில் கிரேனில் எண்ணெய் கசிந்து ராக்கெட் சாயத் தொடங்கியது. அந்தி மங்குவதற்குள் ஏவியாக வேண்டிய சோதனை அது. அங்கிருந்தவர்கள் எல்லோரும் கூடிக் கைகொடுத்து ராக்கெட்டைத் தூக்கி மேடையில் வைத்தார்கள். அன்றைக்கு ராக்கெட்டை ஒன்றிணைப்பதும் பாதுகாப்பும் ஆ.ப.ஜெ. அப்துல் கலாமின் பொறுப்பு. ரேடாரும் டெலிமெட்ரியும் இரா. அரவமுதனின் பொறுப்பு. இருவரும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தவர்கள், நாசாவில் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தவர்கள்.

தும்பாவில் இன்னொரு சம்பவத்தையும் கலாம் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். சோடியத்தையும் தெர்மைட்டையும் கலந்து நிரப்பும் அறையில் அவரும் சுதாகர் என்ற சக பொறியாளரும் நிற்கிறார்கள். தும்பாவின் புழுக்கத்தில் சுதாகரின் நெற்றி வியர்வை ஒரு சொட்டு சோடியத்தில் விழுகிறது. வெடித்துத் தீப்பிடிக்கிறது. சோடியத் தீயைத் தண்ணீரால் அணைக்க முடியாது. சுதாகர் வெறுங்கையால் சன்னல் கண்ணாடியை உடைத்து, முதலில் கலாமை வெளியே தள்ளிவிட்டுப் பிறகு தாம் குதித்தார். தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடந்தார்.

இந்த இரண்டையும் தியாகக் கதைகளாகத்தான் பள்ளியில் கேட்டோம். தியாகம்தான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று நாடுகள் கைகோத்த ஆராய்ச்சியில், ராக்கெட்டைத் தாங்கும் கடைசி ஏற்பாடாக மனிதத் தோள்தான் இருந்தது. புழுக்கமான அறையில் வியர்க்கும் என்பதை யாரும் முன்கூட்டி எழுதி வைத்திருக்கவில்லை. அந்தக் காலத்தின் வழக்கம் அது. களத்துக்குப் போகிறவன் துணிச்சலோடு போகவேண்டும். ஏதாவது நேர்ந்தால் அவனும் அவன் வீடும் தாங்கிக்கொள்ளவேண்டும்.

வீடு தாங்கியது என்பதைச் சும்மா சொல்லவில்லை. எம்.ஐ.டி.யில் சேரக் கலாமுக்குப் பணம் தந்தது அவருடைய அக்கா சோகராவின் வளையலும் சங்கிலியும். அடகுக் கடைக்குப் போன நகை அது. அந்தத் தலைமுறையில் ஆராய்ச்சிக்கு வெளிநாடு போன பெரும்பாலானவர்களின் கதை இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். பாஸ்போர்ட் என்பது அரசு மனம்வைத்தால் தருவது என்றே நெடுங்காலம் இருந்தது. 1967 ஏப்ரலில்தான், சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு போவதும் தனிமனித உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு பாஸ்போர்ட் சட்டம் வந்தது. பாஸ்போர்ட் கிடைத்தாலும் கையில் கொண்டுபோக எட்டு டாலருக்கு மேல் அனுமதி இல்லாத காலம் ஒன்று இருந்ததை அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் போனவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எட்டு டாலரோடு இறங்குகிறவனுக்கு அங்கே காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? தெரிந்த தமிழர் யாராவது வீட்டுக்குக் கூட்டிப்போவார் என்பதுதான் அன்றைய காப்பீடு.

வழியனுப்ப வேன் பிடித்துக் குடும்பமே மீனம்பாக்கத்துக்குப் போகும். “போய்ச் சேர்ந்ததும் ஒரு லெட்டர் போடுப்பா” என்பார் அம்மா. நீல ஏரோகிராம் வந்துசேர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை தகவல் இல்லை என்பதே நல்ல தகவல். இன்று மகள் வாட்ஸ்ஆப்பில் இரண்டு மணிநேரம் பதில் போடாவிட்டால் வீடு அல்லோலகல்லோலப்படுகிறது. பதறுவது தப்பில்லை, ஆனால் அதுவே ஏற்பாடு ஆகிவிடாது. எத்தனை மணிக்கு யார் யாரை அழைப்பது, அழைப்பு வராவிட்டால் எத்தனை மணிநேரம் பொறுப்பது, அதன்பின் யாருக்குச் சொல்வது என்று புறப்படும் முன்பே பேசிவைத்திருந்தால்தான் செல்போன் உயிர்காக்கும் கருவியாகும்.

குரோம்பேட்டைக்காரர்களுக்கு வெளியூர்க் களப்பணியைப் பற்றிப் பேச ஒரு தனி உரிமை உண்டு என்று நினைக்கிறேன். வடக்கே மீனம்பாக்கம், தெற்கே தாம்பரம் விமானப்படைத் தளம், நடுவில் 1949இல் தொடங்கிய எம்.ஐ.டி. வெளியே போகிறவர்கள் மட்டுமல்ல, வெளியிலிருந்து களப்பணிக்கு வந்தவர்களும் இந்த ஜி.எஸ்.டி. சாலைப் பட்டையில்தான் முதலில் குனிந்து மண்ணைப் பார்த்தார்கள். 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்துச் செம்மண் சரளைக் குழியில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வே அங்கிருந்து கிளம்பியது. குதிரையும் மாட்டுவண்டியும் கூடாரமுமாக அலைந்த அந்தத் துறைக்காரர்கள் ஒன்றில் கெட்டியாக இருந்தார்கள்: மழை விட்டபின் போவார்கள், கோடை முற்றுமுன் திரும்புவார்கள். களப் பருவம் என்பது அவர்களுக்கு அட்டவணை மட்டும் அல்ல, காலராவிலிருந்தும் மலேரியாவிலிருந்தும் தப்புகிற வழியும்கூட. வடகிழக்குப் பருவமழை நடுவில் சென்னைப் புறநகரில் ஆய்வு வைத்துக்கொண்டு வருகிற வெளிநாட்டுக் குழுக்கள் இதைக் கேட்டுக்கொள்ளலாம். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரம் வட்டாரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. மீனம்பாக்கம் விமான நிலையம் நாட்கணக்கில் மூடிக் கிடந்தது. திட்டத்தில் “சென்னையிலிருந்து விமானம்” என்று ஒற்றை வரியில் எழுதியிருந்தவர்களுக்கு அப்போது சென்னையும் இல்லை, விமானமும் இல்லை.

தாம்பரத்தை அடுத்த சேலையூருக்கு வருகிறேன். இன்று அடுக்குமாடிகளும் பள்ளிப் பேருந்துகளுமாக இருக்கும் இந்த ஊரில்தான் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் தம் முதல் பாம்புப் பண்ணையை 1969-70 வாக்கில் வைத்திருந்தார்; 1972இல்தான் அது கிண்டிக்குப் போனது. அவருக்குப் பாம்பைச் சொல்லிக்கொடுத்தவர்கள் இருளர் பழங்குடியினர். காய்ந்த வரப்பில் கிடக்கும் ஒரு கீறலைப் பார்த்து எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போனது, எவ்வளவு நேரமாச்சு என்று சொல்லக்கூடியவர்கள். ஆனால் அன்றைய கணக்கில் அவர்கள் “ஆட்கள்”. தோல் வியாபாரிக்கு ஆட்கள், ஆராய்ச்சியாளருக்கும் ஆட்கள். கடிபட்டால் பச்சிலை, விதி. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, தோல் வணிகம் அற்றுப்போய், 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்து, முறிமருந்து செய்கிற நிறுவனங்களுக்கு அந்தச் சங்கம் தருகிறது. நாட்டின் எந்த மூலையில் பாம்பு கடித்தாலும் ஊசியில் ஏறுகிற மருந்தில் இவர்கள் உழைப்பின் பங்கு இருக்கக்கூடும்.

அந்தச் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனார்கள். எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேட ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் அம்மாநில வனவிலங்கு ஆணையமும் அவர்களை அழைத்திருந்தன. மொழிபெயர்க்க இருவர் உடன் போனார்கள். போன இரண்டு வாரத்துக்குள்ளாகவே 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. அதில் ஒன்று, கீ லார்கோவில் கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளத்தில் பதுங்கியிருந்த 16 அடி பெண் பாம்பு. அந்நிய மண், முன்பின் பார்த்திராத செடிகொடி, முதலைகள் கிடக்கும் நீர். அங்கே அவர்களைக் கூலியாட்களாக அல்ல, நிபுணர்களாக வரவழைத்திருந்தார்கள். எங்கே நுழையலாம், எங்கே நிற்கவேண்டும் என்று அவர்கள் பேசுவது மொழிபெயர்க்கப்பட்டது, கேட்கப்பட்டது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. களப்பணிப் பாதுகாப்பு என்று நான் நினைப்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இதுதான்: அபாயத்தை நன்றாக அறிந்தவரின் சொல்லுக்கு எடை இருக்கவேண்டும், அந்தச் சொல் புரிய ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கவேண்டும், அதற்கான செலவு திட்டத்திலேயே இருக்கவேண்டும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது: ஒருவர் சொல்லை மட்டும் நம்பினாலும் போதாது. ஜோ ஸ்லோவின்ஸ்கி கலிஃபோர்னியா அறிவியல் கழகத்தின் ஊர்வன நிபுணர். 2001 செப்டம்பரில் வடக்கு மியன்மாரில், சாலையிலிருந்து நாட்கணக்கில் நடந்துபோகவேண்டிய இடத்தில் அவருடைய குழு முகாமிட்டிருந்தது. 11ஆம் தேதி காலை, பைக்குள் இருப்பது நஞ்சில்லாத ஓநாய்ப்பாம்பு வகை என்று உதவியாளர் சொல்ல, அவர் கையை விட்டார். உள்ளே இருந்தது கட்டுவிரியன் இனம். நஞ்சு மூச்சை நிறுத்திக்கொண்டே வந்தது. தோழர்கள் ஒரு நாளுக்கு மேல் மாறி மாறி வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதினார்கள். மழையில் ஹெலிகாப்டர் இறங்க முடியவில்லை. மறுநாள் அவர் இறந்தார். வயது 38. அவரைப் பாம்பு கடித்தது நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்த நாளில், உலகத்தின் தொலைபேசிகள் எல்லாம் வேறு பக்கம் ஒலித்துக்கொண்டிருந்தன. உலகின் தேர்ந்த பாம்பறிஞர்களில் ஒருவர் அவர். அறிவுக்குக் குறைவில்லை. குறைந்தது வெளியே வருகிற வழி. போகும் இடத்துக்கு எப்படிப் போவது என்று பத்துப் பக்கம் எழுதுகிறவர்கள், அங்கிருந்து படுத்த படுக்கையாக எப்படித் திரும்புவது என்று ஒரு பக்கமாவது எழுதவேண்டும். இங்கிருந்து ஆப்பிரிக்காவுக்கோ தென்கிழக்காசியாவுக்கோ ஆய்வுக்குப் போகும் மாணவர், நம் ஊர் முறிமருந்து அங்குள்ள பாம்புக்கு வேலை செய்யாமல் போகலாம் என்பதையாவது தெரிந்துகொண்டு ஏறவேண்டும்.

மறுபடி எம்.ஐ.டி. 2018 செப்டம்பரில் அங்கிருந்து ‘தக்ஷா’ என்ற மாணவர் அணி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உள்ள டால்பிக்குப் போனது. மெடிக்கல் எக்ஸ்பிரஸ் என்னும் பன்னாட்டு ஆளில்லா வானூர்திப் போட்டி. மோனாஷ் பல்கலைக்கழக அணி முதலிடம், நம் அணி இரண்டாமிடம். நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்ததால் செய்தி ஊரெங்கும் பரவியது. என் கண் போனது போட்டி விதிகள்மீது. ஆளில்லா வானூர்தி தானாகப் பறந்து, தொலைவில் இருக்கும் ‘ஜோ’ என்ற பொம்மை நோயாளியிடம் இரத்த மாதிரியை வாங்கித் திரும்பவேண்டும். ஆனால் பறக்கும் முன்பே அணிகள் தொழில்நுட்ப அறிக்கை தரவேண்டும். என்னென்ன தவறலாம், தவறினால் என்ன செய்வோம் என்பதும் அதில் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று: குறித்த எல்லையைத் தாண்டினால் வானூர்தி தானே பறப்பதை நிறுத்திக்கொண்டு விழுந்துவிட வேண்டும். மாதக்கணக்கான உழைப்பும் லட்சக்கணக்கான ரூபாயும் வயல்வெளியில் சிதறினாலும் சரி, மனிதர்கள் இருக்கும் பக்கம் அது போகக்கூடாது.

தும்பாவில் ராக்கெட்டைக் காப்பாற்ற மனிதர்கள் தோள்கொடுத்தார்கள். டால்பியில் மனிதர்களைக் காப்பாற்ற வானூர்தி விழத் தயாராக இருந்தது. ஒரே கல்லூரிக்காரர்கள், இடையே 55 ஆண்டுகள். எனக்கு இந்த மாற்றம் சந்திரனைத் தொட்டதற்குக் குறைந்ததாகத் தோன்றவில்லை.

இன்றைய புறப்பாட்டில் பெட்டி கட்டுவதே ஒரு கலை. ட்ரோன் மின்கலம் 100 வாட்-மணிக்குள் என்றால் கைப்பையில் போகலாம். 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு, உபரியாக இரண்டு மட்டும். அதற்கு மேல் பயணி விமானத்தில் ஏற்ற முடியாது. சிலவகை ட்ரோன்களுக்கும் கருவிகளுக்கும் ஏற்றுமதி உரிமம் வேண்டும். தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரக் கார்னே என்ற சுங்கத் தாளைத் தொழில் வணிகக் கூட்டமைப்பான ஃபிக்கியிடம் வாங்கலாம். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு என்றால் கிண்டி கிங் நிலையத்தில் ஊசி போட்டு அட்டை வாங்கவேண்டும். போட்டு பத்து நாள் கழித்தே அது செல்லும். அட்டை இல்லாமல் அந்நாடுகளிலிருந்து திரும்பினால் ஆறு நாள்வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். பாஸ்போர்ட்டுக்கு நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் கால்கடுக்க நின்ற காலம் போய், தாம்பரத்திலேயே சேவை மையம் இருக்கிறது. எட்டு டாலர் இன்று ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரம்பாக வளர்ந்திருக்கிறது.

காகிதம் பெருகியதை நான் குறைசொல்ல மாட்டேன். ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் துயரம் இருக்கிறது. ஆனால் வேறு நாட்டில் எழுதிய பட்டியலை அப்படியே இங்கே கொண்டுவந்தால் அதுவே ஆபத்து. தொலைதூரக் களப்பணிக்குச் சாட்டிலைட் போன் கட்டாயம் என்று மேலைப் பல்கலைக்கழகம் எழுதிவைத்திருக்கும். அனுமதி இல்லாத சாட்டிலைட் போனோடு இந்தியாவில் இறங்கினால் விமான நிலையத்திலேயே போலீஸ் கைது செய்யலாம், வெளிநாட்டவர் பலர் அப்படி மாட்டியிருக்கிறார்கள். பூச்சி சேகரிப்பது உலகெங்கும் சாதாரண வேலை. 2008இல் டார்ஜிலிங் பக்கம் சிங்கலிலா தேசியப் பூங்காவில் அனுமதியின்றிச் சேகரித்ததற்காக இரண்டு செக் பூச்சியியலாளர்கள் கைதாகித் தண்டனை பெற்றார்கள். அந்த அனுமதிகளுக்கு உரிய தேசிய பல்லுயிர் ஆணையம் தரமணியில்தான் இருக்கிறது. பாம்பும் வெள்ளமும் மட்டும் அபாயம் அல்ல. சட்டமும் அரசியலும் அபாயமே. கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராக இருந்த இத்தாலியர் ஜூலியோ ரெஜேனி, கெய்ரோவில் தொழிற்சங்கங்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தபோது 2016 ஜனவரி 25 அன்று காணாமல் போனார். பிப்ரவரி 3 அன்று சித்திரவதைத் தழும்புகளோடு சாலையோரத்தில் உடல் கிடந்தது. தன் மாணவர் எந்தக் கேள்வியை எந்த நாட்டில் கேட்கப் போகிறார் என்பதில் கைடுக்கு எவ்வளவு பொறுப்பு என்று உலகப் பல்கலைக்கழகங்கள் அதன்பிறகு உரக்கப் பேசத் தொடங்கின.

நம் பக்கத்துக்கான அடி 2014 ஜூன் 8 அன்று விழுந்தது. இமாசலத்தில் பியாஸ் ஆற்றில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஐதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை, அணையிலிருந்து திடீரென்று திறந்துவிட்ட தண்ணீர் அடித்துப்போனது. அடுத்த ஆண்டு பல்கலைக்கழக மானியக்குழு, வளாகத்துக்கு உள்ளும் வெளியிலும் மாணவர் பாதுகாப்புக்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

அப்படியும் பழைய காலத்தின் ஒரு துண்டு இன்றுவரை அசையாமல் இருக்கிறது. டூர் என்றாலும் ஃபீல்டு ஒர்க் என்றாலும் கல்லூரிகள் நீட்டுகிற அந்த ஒற்றைத் தாள். மாணவர் சொந்தப் பொறுப்பில் வருகிறார், என்ன நேர்ந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று பெற்றோர் கையெழுத்திடும் அண்டர்டேக்கிங். எட்டு டாலரும் ஏரோகிராமும் போய்விட்டன, இந்தத் தாள் போகவில்லை. இது யாரையும் பாதுகாக்காது. பொறுப்பைத் தூக்கி மறுபடியும் சோகரா அக்காவின் வளையல்மேல் வைக்கிறது, அவ்வளவுதான். இதைக் கிழித்துப் போடவேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

அந்த இடத்தில் வேறொரு தாள் வரட்டும். போகிற ஊருக்கு அருகில் உயிர்காக்கும் வசதியுள்ள மருத்துவமனை எது, அங்கே போய்ச்சேர எவ்வளவு நேரம். தினமும் யாருக்குத் தகவல், தகவல் வராவிட்டால் யார் கிளம்பிப் போவது. ஆபத்து என்று களத்தில் இருப்பவருக்குத் தோன்றினால், கைடைக் கேட்காமலே வேலையை நிறுத்தித் திரும்பலாம், அதற்காக மதிப்பெண்ணோ உதவித்தொகையோ குறையாது என்ற உறுதி. துறைத்தலைவர் அதில் கையெழுத்துப் போடட்டும். ஜீப் ஓட்டுநர், படகுக்காரர், காட்டில் வழிகாட்டுகிறவர் ஆகியோரின் பெயர்களும் காப்பீட்டுப் பட்டியலில் ஏறட்டும். ஸ்காலர்களுக்குக் காப்பீடு எடுக்கிற திட்டங்களிலும், அதே வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பவர் தினக்கூலியாகவே கணக்கில் நிற்கிறார். வண்டி கவிழ்ந்தால் இருவருக்கும் ஒரே பள்ளம்தான்.

கூடவே பணம். களப்பணிக்கு முன்பணம் தராமல், செலவழித்துவிட்டு வந்து பில் வைத்து வாங்கிக்கொள் என்கிற நடைமுறை பல துறைகளில் இருக்கிறது. பில் எப்போது பாஸாகும் என்று தெரியாத ஸ்காலர் என்ன செய்வார்? லாட்ஜ் வாடகையை மிச்சப்படுத்த இரவுப் பேருந்தில் ஏறுவார், பகல் முழுக்க வெயிலில் மாதிரி சேகரித்துவிட்டு மறுபடி இரவுப் பேருந்தில் பெருங்களத்தூரில் வந்து இறங்குவார். நாட்டில் பாம்பும் வெள்ளமும் சேர்ந்து எடுக்கிற உயிர்களைவிடச் சாலைகள் தின்னுகிற உயிர்கள் அதிகம். ஓர் இரவுத் தங்கலுக்கும் பகல் பேருந்துக்கும் உரிய தொகையைப் புறப்படும் முன்பே கையில் கொடுப்பதற்குப் பன்னாட்டு ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை. துறையின் அக்கவுண்ட்ஸ் பிரிவு நினைத்தால் அடுத்த களப் பருவத்துக்குள் செய்துவிடலாம்.